ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் இரைச்சல்: எந்த ஃபேன் வாங்கலாம்?

இரவுக்காட்சி

வணக்கம் நண்பர்களே. படம் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் சத்தம் பாடாய்ப் படுத்துகிறது. சண்டைக் காட்சி ஓடும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் மெல்லப் பேசுகிற காட்சி வந்தால் போதும், வசனத்துக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் நின்றுகொண்டே இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் காது கிழிகிறது.

விவரம் இதுதான். இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5, 65 வாட் பிராசசர், அதோடு கூடவே வந்த சிறிய கூலர். பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று, அதற்குத் தனியாக ஒரு ஃபேன். விண்டோஸ் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. படங்கள் எல்லாம் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இரண்டில், இரண்டுமே நிமிடத்துக்கு 7200 சுழற்சி. படுக்கைவாக்கில் வைக்கும் கேஸ், பின்பக்கம் 80 மி.மீ. ஃபேன் இரண்டு. டிவிக்குக் கீழே உள்ள மர அலமாரிக்குள், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாங்கள் உட்காரும் இடம் சுமார் 3 மீட்டர் தள்ளி.

பின்பக்க ஃபேன்களை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். சத்தமில்லாத 80 மி.மீ. ஃபேன் எது? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

சுருதி

ஃபேன் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் நண்பரே. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சத்தம் போடுகிற பொருட்கள் ஏழெட்டு இருக்கின்றன. எது உங்கள் காதுக்கு வருகிறது என்று தெரியாமல் ஒன்றை மாற்றினால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. அதற்குக் காரணம் டெசிபல் கணக்கு.

ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு ஃபேன் ஓடினால் ஒன்றைவிட 3 டெசிபல்தான் கூடும். 25 டெசிபல் ஃபேன் இரண்டு என்றால் 28, ஐம்பது இல்லை. ஒரு சத்தம் இன்னொன்றைவிட 10 டெசிபல் குறைவாக இருந்தால், அந்தச் சின்னச் சத்தம் மொத்தத்தில் சேர்ப்பது அரை டெசிபல்கூட இல்லை. அதை முழுக்க நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே எப்போதும் மிகப் பெரிய சத்தத்தை முதலில் பிடிக்க வேண்டும். அது அடங்கின பிறகுதான் அடுத்தது காதுக்கே வரும்.

செல்போன் செயலியை வைத்து அளக்க வேண்டாம். இவ்வளவு மெல்லிய சத்தத்தில் போன் மைக்கின் சொந்த இரைச்சலே குறுக்கே வரும். இதற்குக் காது போதும். இரவில் வீடு அடங்கின பிறகு, கம்ப்யூட்டரை அலமாரிக்கு வெளியே எடுத்து, மேல் மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடித்த தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு பாகத்துக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். ஃபேனைச் சில நொடிகள் நிறுத்திப் பார்க்க, நடுவில் இருக்கும் குமிழில் விரலால் மெதுவாக அழுத்தினால் போதும். இறக்கைக்குள் விரலோ உலோகமோ போகக்கூடாது. ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க, கம்ப்யூட்டரை நிறுத்தி மின்சாரத்தை எடுத்துவிட்டு, இரண்டு டிஸ்க்கின் கேபிளையும் பிடுங்கி, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் பிளக்கை எடுத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது கேஸின் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் ஃபேன் மட்டும் குற்றவாளி இல்லை, தகடும் சேர்ந்து பாடுகிறது என்று அர்த்தம்.

இரவுக்காட்சி

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். ஒரே இரைச்சல் என்று இதுவரை நினைத்தது மூன்று தனித்தனிச் சத்தமாகப் பிரிந்துவிட்டது.

ஒன்று, அந்த 'ஸ்ஸ்ஸ்'. அது பின்பக்க 80 மி.மீ. ஃபேன் இரண்டும்தான். எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன.

இரண்டு, 'ம்ம்ம்' என்று ஒரு கீழ்ஸ்தாயி ரீங்காரம். ஒரே அளவாக இல்லாமல் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஹார்ட் டிஸ்க் கேபிள்களை எடுத்ததும் நின்றுவிட்டது. மூடியை அழுத்தினால் குறைகிறது, அலமாரிக்குள் வைத்தால் கூடுகிறது.

மூன்றாவது, பிராசசர் கூலர். சும்மா இருக்கும்போது அடங்கியிருக்கிறது. படம் ஓட ஆரம்பித்தால் திடீரென்று சீறி, கொஞ்ச நேரத்தில் அடங்கி, மறுபடி சீறுகிறது. 4கே படங்களில் இது ரொம்ப மோசம்.

கிராபிக்ஸ் கார்டின் ஃபேனும் கேட்கிறது, ஆனால் மற்றவற்றுக்கு நடுவில் தெரியவில்லை.

மரவேலை

அந்த ஏறி இறங்கும் ரீங்காரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 7200 சுழற்சி என்றால் நொடிக்கு 120 சுற்று. அதாவது 120 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு. இரண்டு டிஸ்க்கும் ஒரே வேகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் துல்லியமாக ஒன்றாகச் சுற்றாது. ஒன்று 120, மற்றது 119.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அதிர்வும் ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒன்றுகூடிப் பெருகும், பிறகு ஒன்றையொன்று அணைக்கும். நீங்கள் கேட்பது அதைத்தான். டிஸ்க்கில் கோளாறு ஒன்றும் இல்லை.

டிஸ்க்கிலிருந்து காற்று வழியாக வரும் சத்தம் குறைவுதான். அதிர்வு திருகு வழியாக கேஸின் தகட்டுக்குப் போகிறது, தகட்டிலிருந்து காலடி வழியாக மரப்பலகைக்குப் போகிறது. வீணைக்குக் குடம் செய்யும் வேலையை இங்கே உங்கள் அலமாரி செய்கிறது. அதனால் இந்தச் சங்கிலியை நடுவில் எங்காவது அறுக்க வேண்டும்.

நல்ல வழி, டிஸ்க்கைத் திருகால் இறுக்காமல் தொங்கவிடுவது. அகலமான எலாஸ்டிக் நாடாவை கேஸின் கூண்டில் குறுக்காகக் கட்டி, நடுவில் டிஸ்க் எதையும் தொடாமல் நிற்கும்படி செய்யுங்கள். ரப்பர் வாஷரைவிட இது பல மடங்கு வேலை செய்யும். ரப்பர் வாஷரை வைத்துத் திருகை முழுக்க இறுக்கிவிட்டால் அது ரப்பராகவே இருக்காது, அதிர்வு அப்படியே கடந்து போகும். எலாஸ்டிக் காலப்போக்கில் தளரும் என்பதால் அவ்வப்போது பார்த்து மாற்றுங்கள். கேஸை நகர்த்துவதற்கு முன் டிஸ்க்கைக் கட்டாயம் பிணைத்து வையுங்கள். தொங்கவிட்டால் தகட்டுக்கு வெப்பம் கடத்தும் வழியும் போய்விடுகிறது, அதனால் லேசான காற்றோட்டம் டிஸ்க்கின் மேல் படவேண்டும். வெப்பநிலை 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடமில்லை என்றால் மெத்தென்ற நுரைத் துண்டின் மேல் சும்மா உட்கார வைத்தாலும் பாதி வேலை முடியும். கேஸின் நான்கு காலுக்கடியிலும் அதே மாதிரி மெத்தென்று ஏதாவது வையுங்கள்.

பாடுகிற மூடிக்கு உள்பக்கம் ஒட்டும் கனமான தார்த்தாள் போதும், கார் கதவுக்குள் ஒட்டுவார்களே, அது. மெல்லிய நுரை ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உச்ச ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். 120 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அது ஒன்றும் செய்யாது, வெப்பத்தை மட்டும் உள்ளேயே பிடித்து வைக்கும்.

தொலைவட்டம்

டிஸ்க்கைத் தொங்கவிடுவதைவிட அறையை விட்டே வெளியேற்றுவது மேல். இன்னொரு அறையில் ஒரு என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி), அதில் படங்கள், நடுவில் ஒரு லேன் கேபிள். 4கே ப்ளூரே வட்டின் உச்சபட்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட்தான். ஜிகாபிட் லேன் அதைப்போல ஏழெட்டு மடங்கு தாங்கும். படம் பார்க்கும் அறையில் சுழலும் டிஸ்க் என்ற ஒன்றே இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. வைஃபையில் இதைச் செய்யப் போனால் பெரிய கோப்புகள் நடுவில் திக்கலாம், முடிந்தவரை கேபிளே இழுங்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் எதையும் நடுவில் போட்டுவிடாதீர்கள், அந்த 128 அதில் போகாது.

இரவுக்காட்சி

கேபிள் இழுக்க வழி இருக்கிறது, ஆனால் உடனே முடியாது. இப்போதைக்கு எலாஸ்டிக்கில் ஆரம்பிக்கிறேன். ஃபேன் விஷயத்துக்கு யாராவது வாருங்கள்.

மெல்லச்சுற்று

வந்தேன். முதலில் ஒரு கேள்வி. பின்பக்க ஃபேன்களின் வயர் முனையில் மூன்று ஓட்டையா, நான்கு ஓட்டையா?

இரவுக்காட்சி

மூன்று. இரண்டுமே மதர்போர்டில்தான் செருகியிருக்கிறது.

மெல்லச்சுற்று

அப்படியானால் காசு செலவழிக்காமலே உங்கள் 'ஸ்ஸ்ஸ்' பெருமளவு குறைய வாய்ப்பிருக்கிறது. நான்கு முனை ஃபேனின் வேகத்தை நான்காவது வயரில் வரும் பிடபிள்யூஎம் என்ற துடிப்புச் சமிக்ஞை தீர்மானிக்கிறது. மூன்று முனை ஃபேனுக்கு அந்த வயர் கிடையாது, 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்தால்தான் அது மெதுவாகும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த இணைப்பு பிடபிள்யூஎம் என்று அமைந்திருந்தால் மூன்று முனை ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும், நீங்கள் எந்த அளவு வைத்தாலும் அது முழு வேகத்தில்தான் ஓடும். எப்போதும் ஒரே வேகம் என்று எழுதியிருந்தீர்களே, அதனால்தான் கேட்டேன். பயாஸில் ஃபேன் பகுதிக்குப் போய் அந்த இணைப்புகளை டிசி முறைக்கு, அதாவது வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறைக்கு, மாற்றுங்கள்.

வேகத்தைக் குறைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆயுதம். ஒரே ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொதுவான கணக்கு. காற்று பாதிதான் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும், 15 என்பது பெரிய இறக்கம். எந்தக் கம்பெனி ஃபேன் என்பதைவிட எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது முக்கியம். ஆனால் ரொம்பவும் இறக்கினால் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது ஃபேன் கிளம்பாமல் நின்றுவிடும். சுற்றிக்கொண்டிருக்கத் தேவைப்படும் வோல்ட்டைவிடக் கிளம்பத் தேவைப்படும் வோல்ட் அதிகம். அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஆன் செய்து கிளம்புகிறதா என்று பார்த்த பிறகு அந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் 80க்கு 80 வாங்காதீர்கள். கேஸின் மூடியிலோ பக்கவாட்டிலோ 120 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். பரப்பு 2.25 மடங்கு, அதே காற்றைப் பாதிக்கும் குறைந்த வேகத்தில் தள்ளும். ஸ்தாயியும் இறங்கும். ஏழு இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 1800 சுற்றினால் 210 ஹெர்ட்ஸில் ஒரு தொனி வரும், 600 சுற்றினால் அது 70 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ் ஸ்தாயியில், அவ்வளவு மெல்லிய சத்தத்துக்கு நம் காது மந்தம்.

ஃபேனுக்கு முன்னால் தகட்டில் சின்னச் சின்ன ஓட்டை குத்திய சல்லடை இருக்கிறதா? பல கேஸ்களில் விசில் சத்தம் வருவதே அந்தச் சல்லடையால்தான். அதை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வளையம் மாட்டினால் நன்றாகவே தெரியும். வெட்டும்போது உள்ளே இருக்கும் பாகங்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். இரும்புத் தூள் மதர்போர்டில் விழுந்தால் வேறு கதை.

மெல்லச்சுற்று

கூலர் சீறுவதை எழுத மறந்துவிட்டேன். பிராசசரின் வெப்பநிலை ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி, அடுத்த நொடியில் இறங்கும். பயாஸ் அதைப் பார்த்து ஃபேனை உடனே விரட்டுகிறது. ஒரே அளவாக ஓடும் சத்தத்தைக் காது சீக்கிரம் ஒதுக்கிவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை ஒருநாளும் ஒதுக்காது. அதனால் சராசரிச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, மாறாமல் இருக்க வேண்டும். 65 டிகிரி வரைக்கும் ஃபேன் 30 அல்லது 35 சதவீதத்திலேயே நிற்கட்டும். அதற்கு மேல் மெதுவாக ஏறட்டும். வேகம் மாறுவதற்கு முன் சில நொடிகள் காத்திருக்கும்படி ஒரு தாமத அமைப்பும் பெரும்பாலான மதர்போர்டுகளில் உண்டு, அதைக் கூட்டி வையுங்கள். 70, 75 டிகிரியில் அந்தப் பிராசசருக்கு ஒன்றும் ஆகாது, 100க்கு அருகில் போனால்தான் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் பல வருடம் பழையது என்றால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். தூசியையும் ஊதிவிடுங்கள், ஊதும்போது இறக்கை சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பனித்துளி

எல்லாம் சரி, ஆனால் ஏன் ஃபேனோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? ஃபேனே இல்லாத கம்ப்யூட்டருக்குப் போய்விடுங்கள். கேஸின் பக்கச் சுவர் முழுக்க அலுமினிய மடிப்பு, பிராசசரிலிருந்து வெப்பம் கடத்தும் ஹீட் பைப் நேராக அந்தச் சுவருக்கு. ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்றவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். அல்லது இன்டெல் என்100 பிராசசர் வைத்த சிறிய ஃபேனில்லாப் பெட்டி. அதன் டிடிபி (வெப்ப வெளியீட்டுக் கணக்கு) வெறும் 6 வாட், ஏவி1 வரைக்கும் எல்லா வீடியோ வடிவங்களையும் வன்பொருளிலேயே பிரித்துவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஓடுகிறதா இல்லையா என்பதையே விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்லச்சுற்று

பனித்துளி, புதிதாக வாங்குபவருக்கு நீங்கள் சொல்வது நல்ல யோசனை. இவர் கையில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதோடு, ஃபேன் இல்லாத பெட்டியை மூடிய அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தால் அது வேகும். அதற்குச் சுற்றிலும் திறந்த இடம் வேண்டும், வெப்பம் மேலே ஏறிப் போக வழி வேண்டும். 400, 500 சுற்றில் ஓடும் ஒரு 120 மி.மீ. ஃபேன் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் காதுக்கு வரவே வராது. ஆனால் வெப்பத்தில் அது செய்யும் வித்தியாசம் பெரியது. காற்று துளிகூட அசையாத பெட்டிக்கும் மெல்ல அசையும் பெட்டிக்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி.

பனித்துளி

அலமாரி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மற்றதில் இல்லை. ஃபேன் இருக்கிறவரை தூசி உண்டு, தூசி இருக்கிறவரை பராமரிப்பு உண்டு, பேரிங் தேய்வது உண்டு. இன்று கேட்காத ஃபேன் மூன்று வருடம் கழித்து 'கரகர' என்று ஆரம்பிக்கும். நகரும் பாகமே இல்லாததில் அந்தக் கவலை இல்லை. ஒரு குறையை ஒத்துக்கொள்கிறேன். ஃபேன் போய்விட்டால் அதுவரை மூடியிருந்த சத்தங்கள் வெளியே வரும். பவர் சப்ளையின் மெல்லிய கீச்சொலி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பவர் சப்ளையை மாற்ற வேண்டியதாயிற்று.

நிறமாலை

எல்லோரும் சத்தத்தையே பார்க்கிறீர்கள், வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே. 4கே படத்தில் கூலர் சீறுகிறது என்று இரவுக்காட்சி எழுதியிருக்கிறார். படம் ஓடும்போது அந்தப் பிராசசர் வியர்க்கவே கூடாது. 8ஆம் தலைமுறை ஐ5க்குள் இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸ், 10 பிட் எச்இவிசி (4கே படங்களில் வழக்கமான சுருக்க முறை) வீடியோவைத் தானே பிரிக்கும். பிராசசரின் மையங்கள் சும்மா இருக்கும். எனக்குச் சந்தேகம் அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டு மேல். எச்இவிசி தெரியாத கார்டு என்றால், டிவி அதில் செருகியிருக்கும்வரை மொத்த வேலையும் மென்பொருள் வழியாகப் பிராசசர் தலையில்தான் விழும்.

ஒரு 4கே படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் 50, 60 சதவீதத்தில் நின்று, கிராபிக்ஸ் பக்கத்தில் வீடியோ டிகோட் வரைபடம் தரையோடு கிடந்தால் என் சந்தேகம் சரி.

இரவுக்காட்சி

பார்த்தேன். பிராசசர் 70ஐத் தொடுகிறது. வீடியோ டிகோட் பூஜ்யம்.

நிறமாலை

கார்டைக் கழற்றிவிடுங்கள். ஒரு ஃபேன் போகும், அதன் வெப்பம் போகும், பிராசசரின் சுமையும் போகும். பயாஸில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயக்கத்தில் இருக்கிறதா பார்த்துவிட்டு, டிவியை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி, கோடி (Kodi) என்ற பிளேயர் மென்பொருளிலோ நீங்கள் பயன்படுத்தும் வேறு பிளேயரிலோ வன்பொருள் முடுக்கத்தை இயக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தலைமுறை மதர்போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும். அதில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, ஒளி, நிற வீச்சு கூடிய எச்டிஆர் படமும் வராது. போர்டில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் ஒன்று போட்டுக்கொள்ளலாம், எச்டிஆர் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஏவி1 கோப்புகளை யுஎச்டி 630 வன்பொருளில் பிரிக்காது. அது 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. அப்படிப்பட்ட கோப்பு வந்தால் பழையபடி சீறும்.

முடிந்தால் பயாஸில் பிராசசரின் நீண்டநேர மின்வரம்பை 35 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள். படம் பார்ப்பதில் எந்த வித்தியாசமும் தெரியாது. பின்னணியில் ஏதாவது அப்டேட் ஓடினால்கூடக் கூலர் கத்தாது. உண்டாகாத வெப்பத்தை வெளியேற்ற எந்த ஃபேனும் தேவையில்லை. எதைக் கேட்டாலும் நான் இதில்தான் ஆரம்பிப்பேன்.

மரவேலை

நிறமாலை சொன்னதோடு அலமாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பலகையைக் கழற்றிவிடுங்கள், அல்லது கீழே காற்று உள்ளே வரவும் மேலே வெளியே போகவும் பெரிய திறப்பு வெட்டுங்கள். மூடிய அலமாரியில் கம்ப்யூட்டர் தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி இழுக்கிறது, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரும் காய்கிறது. உள்ளே 10 டிகிரி கூடினால் பிராசசரும் 10 டிகிரி கூடும், ஃபேன் அதற்கேற்ப ஓடும். கதவை மூடினால் சத்தம் மறையும் என்று நினைப்பவர்கள் கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

கீழ்வானம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், ஆனால் அது ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐயை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் வருகிறது, பிடுங்கினால் போய்விடுகிறது. என்னிடம் ஹார்ட் டிஸ்க்கே இல்லை. இதற்கும் எலாஸ்டிக் உதவுமா?

சுருதி

உதவாது, இது வேறு நோய். உங்களுடையது கிரவுண்ட் லூப். மின் இணைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வு, கேபிளின் உறை வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிறது. முதலில் கம்ப்யூட்டர், டிவி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். பிறகு டிவிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அந்தக் கேபிளுக்கு, மின் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஓர் ஐசோலேட்டர் போட்டால் முடிந்தது. கழற்றியும் நிற்கவில்லை என்றால் படத்தை எச்டிஎம்ஐ வழியாக நேரே டிவிக்கும், ஒலியை ஆப்டிகல் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் அனுப்பிப் பாருங்கள். ஒளியில் மின் தொடர்பு கிடையாது, அந்தப் பாதையில் ரீங்காரம் வர முடியாது. ஆப்டிகலில் டால்பி ட்ரூஎச்டி போன்ற உயர்தர ஒலி வடிவங்கள் போகாது என்பது மட்டும் குறை.

பிளக்கின் எர்த் முனையை வெட்டினால் ரீங்காரம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரீங்காரம் போகும்தான். ஆனால் உள்ளே ஒரு வயர் அறுந்து கேஸைத் தொட்டால் அந்த முனைதான் உங்களைக் காப்பாற்றும். இதில் விளையாடவே கூடாது.

கீழ்வானம்

ஆன்டெனா கேபிளைக் கழற்றியதும் நின்றுவிட்டது. ஐசோலேட்டர் வாங்குகிறேன். நன்றி!

தொலைவட்டம்

கம்ப்யூட்டரையே அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண செம்பு எச்டிஎம்ஐ கேபிள் 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் தாண்டினாலே நம்பகம் குறைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வேண்டும். அதற்குத் திசை உண்டு, கம்ப்யூட்டர் பக்க முனை எது, டிவி பக்க முனை எது என்று போட்டிருப்பார்கள். சுவருக்குள் பதிக்கும் முன் மாற்றிச் செருகவில்லையே என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ரிமோட்டையும் யோசிக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிர் சுவரைத் தாண்டாது. டிவி ரிமோட்டிலேயே இயக்கலாம் என்றால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சிஇசி வசதி (எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிமோட் கட்டளையைக் கடத்துவது) கிடையாது, அதற்கென்று தனி அடாப்டர் போட வேண்டும்.

இரவுக்காட்சி

நண்பர்களே, நிலவரம் சொல்ல வந்தேன். கார்டைக் கழற்றிவிட்டேன். மதர்போர்டில் எச்டிஎம்ஐ 1.4தான், நிறமாலை சொன்னது அப்படியே. டிஸ்ப்ளேபோர்ட் அடாப்டர் போட்டதும் 4கே, எச்டிஆர் இரண்டும் வந்துவிட்டன. இப்போது அதே படத்துக்குப் பிராசசர் 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சீறல் அடியோடு போய்விட்டது.

பின்பக்க இணைப்புகள் பயாஸில் பிடபிள்யூஎம் முறையில்தான் இருந்தன. டிசிக்கு மாற்றி வேகத்தை இறக்கினேன். புது ஃபேன் ஒன்றுகூட வாங்கவில்லை. டிஸ்க் இரண்டும் எலாஸ்டிக்கில் தொங்குகின்றன, 41 டிகிரி காட்டுகிறது. அலமாரியின் பின்பலகையும் போயாயிற்று. நேற்று இரவு ஒரு படத்தில் மழை ஓய்ந்த பிறகு வரும் நீண்ட மௌனக் காட்சி ஒன்று. பின்னணியில் தொலைவில் ஒரு தவளைச் சத்தம் வைத்திருக்கிறார்கள். பலமுறை பார்த்த படம், அந்தத் தவளையை இதுவரை கேட்டதே இல்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்று மட்டும் மிச்சம். கோடியின் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தும்போது மட்டும் மிக மெல்லிய 'கீஈஈ' என்று ஒரு சத்தம். படம் ஓடும்போது இல்லை. ஃபேன் வேகம் மாறவில்லை. இது என்ன?

பனித்துளி

காயில் வைன். மதர்போர்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள காயில்கள், மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது நுண்ணளவில் அதிர்கின்றன. பட்டியலை நகர்த்தும்போது கிராபிக்ஸ் திடீர் திடீரென்று வேலை செய்கிறது, அதனால் அப்போது மட்டும் கேட்கிறது. பாகத்துக்குக் கெடுதல் இல்லை. தாள் குழலை வைத்து மதர்போர்டா பவர் சப்ளையா என்று முதலில் பாருங்கள்.

மதர்போர்டு என்றால், படம் பார்க்காத நேரத்தில் டிவியை 60 ஹெர்ட்ஸில் வைத்து, கோடியின் தோற்றத்தில் அசைவுகளும் பின்னணிப் படங்களும் குறைவாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பயாஸில் சி-ஸ்டேட் என்று இருக்கும் ஆழ்தூக்க நிலைகளில் கடைசி ஒன்றிரண்டை அணைத்தாலும் சில போர்டுகளில் நின்றுவிடும், சும்மா இருக்கும்போது இரண்டொரு வாட் கூடும், அவ்வளவுதான். பவர் சப்ளை என்றால் உள்ளே கை வைக்காமல் அதை மாற்றுவதுதான் வழி. கார்டு போய்விட்டதால் உங்களுக்கு இனிப் பெரிய பவர் சப்ளை தேவையில்லை. குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்திவைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இரவுக்காட்சி

மதர்போர்டுதான், பிராசசருக்குப் பக்கத்தில் கேட்கிறது. சி-ஸ்டேட்டை இன்றிரவு முயற்சி செய்கிறேன். லேன் கேபிள் இழுத்ததும் என்ஏஎஸ் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், தொலைவட்டம் அங்கேயும் வந்து உதவ வேண்டும்.

தொலைவட்டம்

கட்டாயம் வருகிறேன். கேபிள் வாங்கும்போது கேட்6 வகையாகவே வாங்கிவிடுங்கள், இழுக்கிற வேலை ஒன்றுதானே.